சதுரம் 2417

செந்தூலுக்கு வடக்கே ஆறு வளைகிற இடத்தை
முப்பது மீட்டர் சதுரங்களாக நறுக்கியிருக்கிறேன்.
வீடு இருந்தால் ஒன்று.
இல்லாவிட்டால் சுழியம்.

விதிகள் எளியவை.
எட்டு அண்டைச் சதுரங்களில் மூன்று ஒன்றாகி,
பஸ் நிறுத்தம் நானூறு மீட்டருக்குள் அமைந்து,
சரிவும் அதிகமில்லை என்றால்
அடுத்த ஆண்டு அந்தச் சுழியமும் குடியேறும்.

எண்பத்தெட்டின் விமானப் படத்தைக் காட்டி
தொண்ணூற்றெட்டைச் சொல் என்றேன்.
இரவெல்லாம் கணினி முனகியது.
காலையில் நூற்றுக்கு எண்பத்தொன்று சரி.
ஹாஸ்னி எல்லாருக்கும் தே தாரிக் வாங்கினார்.

மீதிப் பத்தொன்பது என்னைத் தூங்கவிடவில்லை.
அதில் ஒன்று சதுரம் 2417.
வெள்ளம் ஏறும் பள்ளம், பாதை கிடையாது,
சுற்றிலும் சுழியம்.
விதிப்படி நாய்கூடப் போயிருக்கக் கூடாது.
ஆனால் தொண்ணூறின் படத்தில் ஒரு தகரக்கூரை மினுங்குகிறது.
அடுத்த படத்தில் ஆறு.
அதற்கடுத்ததில் முப்பத்தொன்று.

அங்கிருந்தவர்களை
மலிவு விலை அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டார்கள்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
பதினோரு மாடி ஏறி, மூச்சு வாங்கி,
பவளக்கொடியிடம் கேட்டேன்:
ஏன் அந்த இடம்?

"தண்ணி" என்றார், துணியை உதறிக்கொண்டே.
"பேட்டரி ஃபேக்டரி வேலிக்கு வெளிய
ஒரு குழாய் ஒழுகிட்டே இருந்துச்சி.
யாரும் வந்து அடைக்கல.
ஏழு மாசம் பார்த்தோம், அடைக்கல.
சரின்னு வந்துட்டோம்."

பிறகு?

"என் தங்கச்சி. அவ வீட்டுக்காரரோட கூட்டாளி.
வீடு கட்ட வந்த லோம்போக் கொத்தனாரு,
கூலியில பாதிக்கு
எங்க சுவத்துலயே சாய்ச்சு அவரும் ஒண்ணு கட்டிக்கிட்டாரு."

திரும்பி வந்து
ஒழுகும் குழாய்களுக்கென ஓர் அடுக்கு சேர்க்கப் பார்த்தேன்.
நீர்த் துறையிடம் இருந்தது
மாநிலம் முழுவதற்கும் ஒரே ஓர் எண்:
கணக்கில் வராத தண்ணீர், விழுக்காட்டில்.

அதனால் அறிக்கையின் அறுபத்துநான்காம் பக்கத்தில் எழுதினேன்:
சிவப்புச் சதுரங்களுக்கு மக்கள் வருவார்கள்.
அதற்கு முன்பே
ஒரு குழாய், ஒரு கால்வாய்,
ஆம்புலன்ஸ் நுழையும் அகலத்துக்கு ஒரு பாதை
போட்டு வையுங்கள்.
வீடுகள் அதையொட்டித் தாமே வரிசை பிடிக்கும்.

கூட்டத்தில் மூன்றாம் பக்கம்வரைதான் புரட்டினார்கள்.
அதில் வரைபடம் இருந்தது.

இரண்டு மாதத்தில் வேலி.
நான் சிவப்படித்த இடமெல்லாம், மில்லிமீட்டர் பிசகாமல்,
முக்குக்கு முக்கு என் சதுரங்களின் வடிவிலேயே.
அரசாங்க நிலம், நுழையாதே.
என் விதிகளை இவ்வளவு ஊன்றிப் படித்தவர்
அந்த வேலிக் குத்தகைக்காரர் ஒருவர்தான்.

அடுத்த ஆண்டுப் படத்தில் சிவப்பெல்லாம் சுழியம்.
"மாடல் பலிக்கலையே" என்றார் ஹாஸ்னி.
பலித்துவிட்டது, அதனால்தான் பலிக்கவில்லை
என்று சொல்ல மலாயில் வார்த்தை தேடினேன்.
அதற்குள் அவர் அடுத்த கோப்பைத் திறந்திருந்தார்.

மேம்பாலத்தை அவர் பார்க்கவில்லை.
சதுரம் 3902.
நான் கொடுத்த வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு.
பாலத்தின் நிழல் முடிகிற ஓரத்தில்
நீலமாக எதுவோ ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து போனேன்.
ஒன்பது தார்ப்பாய்கள்.
மூன்றாவது தூணில் மழைநீர்க் குழாய் விரிசல் விட்டிருந்தது.
கீழே வாளி. வாளிக்குப் பின்னால் இன்னொரு வாளி.
வரிசையில் நின்ற பர்மாக்காரப் பையன்
என் கழுத்து அட்டையைப் பார்த்ததும் விலகி எனக்கு இடம் விட்டான்.

கைப்பேசியில் இருப்பிடப் புள்ளி
துடித்துக்கொண்டிருந்தது. அணைத்தேன்.

எங்கள் தரவில்
ஒன்று, சுழியம் தவிர
மூன்றாவது குறி ஒன்றும் உண்டு:
மேகம் மறைத்தது, தெரியவில்லை.

3902இல் அதைப் போட்டுச் சேமித்தேன்.
கோலாலம்பூரில் மேகத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.
ஜூனில் புதுப் படம் வரும்.